இடது கீழ்த்தாடை வலி: திறக்க வேண்டியது 36-ஆ, 37-ஆ? 35-க்குக் கீழே கருவட்டம் வேறு தெரிகிறது

பயிற்சிப்பல் கேட்டது:

வணக்கம். நோயாளி 41 வயதுப் பெண்மணி. பத்து நாளாக இடது கீழ்த்தாடையில் வலி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று பிடிக்கிறது. விழுங்கிய பிறகும் விடாமல் இழுக்கிறது. இரவில் படுத்தால் கூடுகிறது, காது வரை ஏறுகிறது. எந்தப் பல் என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை, "இந்தப் பக்கம் பூராவும்" என்கிறார். வேறு இடத்தில் எழுதிக் கொடுத்த அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் ஐந்து நாள் சாப்பிட்டும் பலனில்லை. ஐபுப்ரோஃபென் போட்டால் சில மணி நேரம் அடங்குகிறது.

36-ல் (இடது கீழ் முதல் கடைவாய்ப்பல்) பழைய பெரிய அமால்கம் (உலோக அடைப்பு). அதற்குப் பின்னுள்ள 37-ல் டிஸ்டல் (பின்) பக்கம் சொத்தை. முன்னுள்ள 35-ல் சொத்தையோ அடைப்போ இல்லை. ஐஸ் துண்டு வைத்துப் பார்த்தேன், 36, 37 இரண்டும் கூசுகின்றன. தட்டினால் 36-ல் லேசான வலி, 37-ல் இல்லை. ஆர்விஜியில் (டிஜிட்டல் பல் எக்ஸ்ரே) 36-ன் டிஸ்டல் வேர் ஓரத்தில் பிடிஎல் (வேரை எலும்போடு பிணைக்கும் இழைத்திசு) இடைவெளி சற்று அகன்ற மாதிரி இருக்கிறது. 37-ன் வேர்நுனி சுத்தம். ஆனால் 35-ன் நுனியை ஒட்டி மிளகு அளவில் ஒரு கருவட்டம்.

தட்டினால் வலிக்கிறது, பிடிஎல் அகன்றிருக்கிறது என்பதால் 36-ஐத் திறக்கலாமா? 35-க்குக் கீழே இருப்பது சீழா? சிபிசிடி (முப்பரிமாண ஸ்கேன்) எழுதலாமா?

வேர்நுனி எழுதியது:

இப்போதைக்கு எதையும் திறக்காதீர்கள். அவர் சொல்லும் அதே வலியை ஏதாவது ஒரு பல்லில் நீங்கள் வரவழைத்துக் காட்டும் வரைக்கும் பர் (பல்லைத் துளைக்கும் முனை) கையில் வரக் கூடாது. 36-ஐத் திறந்து, உள்ளே கூழ் (நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மையத்திசு) நல்ல நிலையில் இரத்தம் கசிந்தால் அதைத் திரும்ப மூடிவைக்க வழியில்லை.

ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேட்க வேண்டும். உள்ளே பற்கூழ் எப்படி இருக்கிறது? வெளியே வேர்நுனியைச் சுற்றிய திசு எப்படி இருக்கிறது? அமெரிக்க எண்டோடான்டிஸ்ட் சங்கம் 2009-ல் ஒழுங்குபடுத்திய நோய்ப்பெயர்களும் இப்படி இரண்டு வரிசையாகத்தான் இருக்கின்றன. கூழுக்கு: இயல்பு, மீளக்கூடிய அழற்சி, அறிகுறியுள்ள மீளாத அழற்சி, அறிகுறியில்லாத மீளாத அழற்சி, கூழ் இறப்பு, சிகிச்சை முன்பே முடிந்த பல், பாதியில் நிற்கும் பல் என்று இன்னும் இரண்டு. வேர்நுனிக்கு: இயல்பு, அறிகுறியுள்ள அழற்சி, அறிகுறியில்லாத அழற்சி, கடும் சீழ்க்கட்டி, நாட்பட்ட சீழ்க்கட்டி, எலும்பு இறுகல். கேஸ் ஷீட்டில் இரண்டையும் எழுத முடியவில்லை என்றால் சோதனை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

உங்கள் நோயாளிக்குப் பல்லைச் சுட்டிக்காட்டத் தெரியாதது முக்கியமான தடயம். பற்கூழில் வலியை உணரும் நரம்பு உண்டு, இடத்தை உணரும் ஏற்பிகள் கிடையாது. அவை பிடிஎல்-லில் இருக்கின்றன. அழற்சி வேர்நுனியைத் தாண்டிப் பிடிஎல்-லுக்கு வந்தால்தான் நோயாளி "இதுதான்" என்று விரலை வைப்பார், கடித்தால் துடிப்பார். இவருக்கு வலி பெரும்பாலும் கூழுக்குள்ளேயே நிற்கிறது. அப்படியானால் குற்றவாளிப் பல்லின் வேர்நுனி எக்ஸ்ரேயில் சுத்தமாக இருப்பதுதான் இயல்பு. 37 சுத்தமாகத் தெரிவதால் அதை விலக்கவே முடியாது.

ஐஸ் துண்டு சோதனை உங்களைக் குழப்பியிருக்கிறது. உருகிய தண்ணீர் ஈறிலும் பக்கத்துப் பல்லிலும் ஓடும், நோயாளி எதற்குக் கை தூக்கினார் என்று தெரியாது. ஐஸ்தான் கிடைக்கிறது என்றால் கடைசிப் பல்லில் தொடங்கி முன்னே வாருங்கள். சாய்த்த நாற்காலியில் தண்ணீர் பின்பக்கம்தான் ஓடும். அதைவிட டெட்ராஃபுளோரோஈத்தேன் ஸ்பிரே நல்லது, சுமார் மைனஸ் 26 டிகிரி வரை குளிரும். செய்முறை:

கடைசியாக வலி மாத்திரை எப்போது போட்டார் என்று கேளுங்கள். ஐபுப்ரோஃபென் வேலை செய்துகொண்டிருக்கும்போது தட்டல், குளிர் இரண்டும் மழுங்கிவிடும். மாத்திரையின் வேகம் தீர்ந்து வலி திரும்பிய நேரத்தில் வரச் சொல்லுங்கள்.

பற்களைப் பஞ்சுருளை வைத்துத் தனிமைப்படுத்தி, துடைத்து உலர்த்துங்கள். பெரிய பஞ்சு உருண்டையை ட்வீசரில் பிடித்து ஸ்பிரே அடித்து, உறைபனி படிந்ததும் பல்லின் வெளிப்பக்க நடுப்பகுதியில் வையுங்கள். காது குடையும் பட்ஸ் வேண்டாம், பஞ்சு இறுகியிருப்பதால் போதிய குளிர் தங்காது. உலோக அடைப்பின் மேல் வைக்காமல் எனாமலில் வையுங்கள். உணர்ந்தவுடன் கை தூக்கச் சொல்லி உடனே எடுத்துவிடுங்கள். 15 விநாடி வரை ஒன்றும் தெரியவில்லை என்றால் "பதில் இல்லை".

முதலில் வலது பக்கம் 46, 47. அதுதான் இவருக்கு இயல்பு எது என்று காட்டும் அளவுகோல். பிறகு 34, 35, 36, 37. ஞானப்பல் இருந்தால் அதுவும். இடது மேல்தாடைப் பற்களையும் விடாதீர்கள். மேல் கடைவாய்ப்பல்லின் வலி கீழ்த்தாடையில் தெரிவது சாதாரணம். நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகாது.

கூசுகிறதா என்பது பாதிக் கேள்விதான். பஞ்சை எடுத்த பிறகு எத்தனை விநாடி நீடிக்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். நல்ல கூழில் சில விநாடியில் அடங்கும். சுருக்கென்று வந்து உடனே போனால் மீளக்கூடிய அழற்சி. 30 விநாடிக்கு மேல் இழுத்தால், அதுவும் "இதே வலிதான்" என்று அவர் வாயால் சொன்னால், மீளாத அழற்சி. அப்போதும் இரண்டு பல் தகராறு செய்தால் ரப்பர் டேமில் (பற்களை மூடும் ரப்பர் விரிப்பு) ஒரு பல்லை மட்டும் வெளியே எடுத்து, ஐஸ் தண்ணீரைச் சிரிஞ்சில் பீய்ச்சிக் குளிப்பாட்டுங்கள். ஒவ்வொரு பல்லாக, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு. சூடான காபிக்குத்தான் வலிக்கிறது என்று சொல்பவருக்கும் இதே முறையில் வெந்நீர். எது வலியைக் கிளப்புகிறதோ அதைக்கொண்டே சோதிக்க வேண்டும்.

மின் சோதனைக் கருவி இருந்தால் கூடுதல் துணை. திரையில் வரும் எண்ணை வைத்து "கூழ் பாதி செத்துவிட்டது" என்றெல்லாம் படிக்காதீர்கள். பதில் உண்டு, இல்லை என்பது மட்டும்தான் அதில் பொருள். நரம்பு இருக்கிறதா என்று சொல்லுமே தவிர இரத்த ஓட்டத்தைச் சொல்லாது. ஈரம், உலோகத் தொடர்பு, கால்வாய்க்குள் சீழ் இவை பொய்யாக "உண்டு" என்று காட்டும். சுண்ணம் படிந்து ஒடுங்கிய கால்வாய், வேர் முடிவடையாத சிறுவர் பல், அண்மையில் அடிபட்ட பல் பொய்யாக "இல்லை" என்று காட்டும்.

இடம் கண்டுபிடிக்க மரப்பு ஊசி போடும் வழக்கம் உண்டு. கீழ்த்தாடையில் நரம்புத்தடை ஊசி போட்டால் 36, 37 இரண்டும் சேர்ந்தே மரத்துவிடும். பிடிஎல் ஊசியும் பக்கத்துப் பல்லுக்குப் பரவும். வலி மேல்தாடையா கீழ்த்தாடையா என்று பிரிக்க மட்டுமே இந்த வழி உதவும்.

36-ல் தட்டல் வலிக்கு வேறு காரணம் இருக்கலாம். விரலால் அழுத்திப் பார்த்த பிறகுதான் மிரர் கைப்பிடி, அதுவும் நல்ல பல்லில் தொடங்கி. மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தட்டுங்கள். கஸ்ப் (பல்லின் மேட்டுமுனை) ஒவ்வொன்றாகக் கடிக்க வைத்து, விடும்போது சுருக்கென்றால் விரிசலைத் தேடுங்கள். ப்ரோபை (ஈறு இடைவெளியின் ஆழம் அளக்கும் கோல்) பல்லைச் சுற்றி நடத்தி ஆறு இடத்திலும் ஆழம் எழுதுங்கள். 36-37 நடுவில் ஃப்ளாஸ் விட்டுப் பாருங்கள். அமால்கத்தின் பக்கத்தொடர்பு விட்டுப்போய் உணவு அடைந்தாலும் பிடிஎல் வீங்கும், தட்டினால் வலிக்கும்.

கதிர்ப்படம் எழுதியது:

எக்ஸ்ரே பற்றி மட்டும் சொல்கிறேன்.

35-ன் நுனியில் மிளகு அளவு வட்டம் என்றதும் முதலில் நினைக்க வேண்டியது மென்டல் ஃபோரமென், அதாவது கீழ்த்தாடை நரம்பு வெளிவரும் இயற்கையான துளை. அது இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் வேர்நுனியை ஒட்டியே அமையும். இரண்டு வகையில் உறுதி செய்யலாம். ஒன்று, லேமினா டியூராவைப் பின்தொடருங்கள். வேர்நுனியைச் சுற்றி அந்த வெள்ளைக் கோடு அறுபடாமல் கருவட்டத்தின் குறுக்கே ஓடினால் அது பல்லோடு சேர்ந்ததல்ல. இரண்டு, எக்ஸ்ரே குழாயை மீசியல் (முன்) பக்கம் 20 டிகிரி போல நகர்த்தி இன்னொரு ஐஓபிஏ (வாய்க்குள் எடுக்கும் வேர்நுனிப் படம்) எடுங்கள். துளை வேருக்கு வெளிப்பக்கம், கன்னத்துப் பக்கம் இருப்பதால் குழாய் போன திசைக்கு எதிராக, டிஸ்டலாக விலகி நிற்கும். வேர்நுனிப் புண்ணாக இருந்தால் எந்தக் கோணத்திலும் நுனியை விடாது. இதோடு 35 குளிருக்கு இயல்பாகப் பதில் சொன்னால் அதை அப்படியே விட்டுவிடலாம். உயிருள்ள கூழும் வேர்நுனிக் கருமையும் ஒரே பல்லில் சேர்ந்து வந்தால், எக்ஸ்ரேயை மறுபடி வாசிக்க வேண்டும்.

இதே வகை ஏமாற்று வேறு இடங்களிலும் உண்டு. மேல் நடு வெட்டுப்பற்களுக்கு நடுவில் இன்சைசிவ் கால்வாய். கீழ் வெட்டுப்பற்களின் நுனியில், பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வரும் சிமென்டோ-ஆசியஸ் டிஸ்பிளேசியா (தொற்றல்லாத எலும்பு மாற்றம்): தொடக்கத்தில் வெறும் கருமை, பிறகு நடுவில் வெண்மை படியும், கூழ் நன்றாகவே இருக்கும். இதைச் சீழ் என்று எண்ணி நான்கு நல்ல பற்களுக்கு வேர் சிகிச்சை செய்துவிடும் அபாயம் மெய்யானது, குளிர் சோதனை ஒன்றே அதைத் தடுக்கும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் எலும்பில் ஒன்றுமில்லை என்று பொருளல்ல. பெண்டர், செல்ட்சர் இருவரும் 1961-ல் உலர்ந்த தாடைகளில் செயற்கையாகக் குழி செய்து படமெடுத்தார்கள். பஞ்சு போன்ற உள்ளெலும்புக்குள் மட்டும் இருந்த குழிகள் படத்தில் விழவில்லை; வெளியோட்டைத் தொட்ட பிறகுதான் தெரிந்தன. 37 பகுதியில் வெளியோடு தடிமனானது, அங்கே சிறிய புண் ஒளிந்துகொள்ள இடம் அதிகம்.

36-ன் பிடிஎல் அகலத்தை நம்பாதீர்கள். கீழ்க் கடைவாய்ப்பல் வேரின் குறுக்குவெட்டு எட்டு வடிவம், கோணம் கொஞ்சம் மாறினாலும் இரட்டைக் கோடாக விழும். உயரமான அடைப்பு, பல்லைக் கடிக்கும் பழக்கம் இவையும் அகலமாக்கும். ஹோல்டர் வைத்து இணைகோணத்தில் எடுங்கள், வேர்நுனிக்கு அப்பால் 2 முதல் 3 மில்லிமீட்டர் எலும்பு படத்துக்குள் வரவேண்டும். 37-ன் சொத்தை கூழுக்கு எவ்வளவு அருகில் என்பதற்கு ஒரு பைட்விங் (மேல், கீழ்ப் பற்களின் தலைப்பகுதியைக் காட்டும் எக்ஸ்ரே). இந்தக் கேஸில் இவ்வளவு போதும்.

சிபிசிடி இப்போது தேவையில்லை. அமெரிக்க எண்டோடான்டிஸ்ட் சங்கமும் வாய்-முகக் கதிரியக்க அகாடமியும் 2015-ல் சேர்ந்து சொன்னதும் இதுதான்: முதலில் வாய்க்குள் எடுக்கும் படம், அதில் தீராத கேள்வி மிஞ்சினால் மட்டும் குறுகிய புலச் சிபிசிடி. எழுதும் நாள் வந்தால் முழுத்தாடை வேண்டாம், 5×5 சென்டிமீட்டர் அளவு புலமாகக் கேளுங்கள். புலம் சுருங்கினால் கதிர்வீச்சும் குறையும், படமும் நுணுக்கமாக வரும். மேல் கடைவாய்ப்பற்களுக்கு அது நிறையவே உதவும். அங்கே சைனஸ் தரையும் கன்ன எலும்பும் வேர்நுனியை மறைத்துவிடும். உலோக அடைப்பு, போஸ்ட் (வேருக்குள் செருகிய தண்டு) உள்ள பல்லில் அதைச் சுற்றி விழும் கோடுகளை விரிசல் என்று படிக்காமல் கவனமாக இருங்கள்.

பயிற்சிப்பல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நோயாளியை மாத்திரை போடாமல் வரவைத்து, ஸ்பிரேயில் முழுவதும் சோதித்தேன்.

46, 47: 3 விநாடியில் அடங்குகிறது. 35: அப்படியே. 36: 4 விநாடியில் அடங்குகிறது. 37: வைத்தவுடன் துடித்தார், 50 விநாடி ஆகியும் இழுத்தது, "ராத்திரி வர்ற வலி இதேதான்" என்றார். ரப்பர் டேமில் தனியாக எடுத்தும் 37 அதே பதில். மேல்தாடை இயல்பு. 36-37 நடுவில் ஃப்ளாஸ் தடையில்லாமல் இறங்குகிறது, அங்கே ஈறு சிவந்து, ப்ரோபில் 4 மில்லிமீட்டர், இரத்தம். மற்ற இடமெல்லாம் 2, 3. கடிசோதனையில் விரிசல் அறிகுறி இல்லை. கோணம் மாற்றி எடுத்த படத்தில் 35-ன் கருவட்டம் டிஸ்டலாக விலகிவிட்டது, லேமினா டியூரா முழுசாகத் தெரிகிறது. பைட்விங்கில் 37-ன் சொத்தை கூழ்க்கொம்பைத் தொடுகிறது.

வேர்நுனி எழுதியது:

அப்படியானால் இப்படி எழுதுங்கள். 37: அறிகுறியுள்ள மீளாத பற்கூழ் அழற்சி, வேர்நுனித் திசு இயல்பு. 36: கூழ் இயல்பு, வேர்நுனி இயல்பு; தட்டல் வலி உணவு அடைவதால். 35: ஒன்றுமில்லை. 36-ன் அடைப்பை மாற்றிப் பக்கத்தொடர்பைச் சரி செய்தால் அந்தத் தட்டல் வலியும் போகும்.

37-ஐத் திறக்கும்போது ஒரு விஷயம். மீளாத அழற்சியில் கீழ்த்தாடை நரம்புத்தடை ஊசி அடிக்கடி கைவிடும். உதடு மரத்துவிட்டது என்பதை நம்பித் தொடங்காதீர்கள். ஊசி போட்டு 15 நிமிடம் கழித்து அதே ஸ்பிரேயை 37-ல் மறுபடி வையுங்கள். இன்னும் உணர்ந்தால் கூடுதல் ஊசி கொடுத்த பிறகே பர். உள்ளே இரத்தம் எப்படி வருகிறது என்று பார்த்தால் நோயறிதலும் உறுதியாகும்.

மலைச்சாரல் கேட்டது:

இதே இழையில் ஒரு துணைக்கேள்வி. வலியே இல்லை, ஆனால் வலது கீழ் ஈறில் பரு மாதிரி ஒன்று, அழுத்தினால் சீழ் வருகிறது. பரு 45-க்கு நேராக இருக்கிறது. ஆனால் வேர் சிகிச்சை செய்து கிரவுன் (பல் உறை) போட்டது அதற்குப் பின்னுள்ள 46. கருமை இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. எதிலிருந்து வருகிறது?

வேர்நுனி எழுதியது:

பரு இருக்கும் இடத்தை வைத்துப் பல்லை முடிவு செய்யவே கூடாது. சீழ் எலும்பில் எளிதாக வழி கிடைத்த பக்கம் வெளியே வரும். இரண்டு பல் தள்ளியும் வரலாம். தடத்தைப் பின்தொடருங்கள். ஈறில் மரப்பு ஜெல் தடவி, 25 அல்லது 30 அளவு கட்டா பெர்ச்சா கோனை (வேர்க்கால்வாயை நிரப்பும் ரப்பர் போன்ற மெல்லிய குச்சி) பருவின் வாயில் விட்டு, தானாகத் தடைபடும் வரை மெதுவாகத் தள்ளுங்கள். நின்ற பிறகு அழுத்த வேண்டாம். கோன் உள்ளே இருக்கும்போதே ஐஓபிஏ எடுத்தால் வெள்ளைக் கோடு எந்த வேரில் போய் நிற்கிறது என்று தெரியும்.

45 குளிருக்கு இயல்பாகப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். 46-ல் குளிர் சோதனைக்கு வேலையில்லை. அங்கே ப்ரோப் பேசும். ஒரே இடத்தில் மட்டும் குறுகி ஆழமாக, 8 அல்லது 9 மில்லிமீட்டர் இறங்கி, பக்கத்தில் எல்லாம் 3 இருந்தால் இரண்டு சாத்தியம்: சீழ் பிடிஎல் வழியாக வடிகிறது, அல்லது வேர் நெடுக்காகப் பிளந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் கருமை வேர்நுனியைச் சுற்றி பக்கவாட்டில் மேலேறித் தூண்டில் முள் போல வளைந்தால் பிளவுச் சந்தேகம் வலுக்கும். பிளவு என்றால் மறுசிகிச்சை வீண். பிளவில்லை என்றால் விடுபட்ட கால்வாய், கிரவுன் ஓரக் கசிவு, குறைவாக நிரம்பிய வேர் இவற்றைத் தேடுங்கள்.

கோன் 46-க்குப் போனால் பெயர்: முன்பே சிகிச்சை பெற்ற பல், நாட்பட்ட வேர்நுனிச் சீழ்க்கட்டி. ஆன்டிபயாடிக் வேண்டாம். கால்வாய் சுத்தமானால் பரு தானே மூடும். மூடாவிட்டால் எதையோ விட்டிருக்கிறோம். எலும்பு நிரம்புவதை ஒரு வருடம் கழித்துப் படமெடுத்துப் பாருங்கள், முழுதாக ஆறவில்லை என்றால் நான்கு வருடம் வரை தொடர்ந்து கவனிக்கலாம். கருமை பெரிதாக இருக்கிறது, ஓரம் வெள்ளையாக இருக்கிறது என்று "சிஸ்ட்" (திரவப் பை) என எழுதிவிட வேண்டாம். நாயர் குழுவினர் 1996-ல் 256 வேர்நுனிப் புண்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது 15 சதவீதமே சிஸ்ட்; பாதி கிரானுலோமா (அழற்சித் திசுத் திரட்சி), மீதி சீழ்க்கட்டி. படத்தில் இவற்றைப் பிரிக்க முடியாது.

தாடையறுவை எழுதியது:

முதல் கேஸில் அந்த அம்மாவுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தது தப்புங்க. உயிருள்ள கூழ் வீங்கி வலிக்கிறப்ப மருந்து அழிக்கிறதுக்கு அங்க சீழே இல்ல. கூழ் செத்திருந்தா மருந்து போய்ச் சேர இரத்த ஓட்டமே இல்ல. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தோட 2019 வழிகாட்டியும் பல் சிகிச்சைய உடனே செய்ய முடியும்னா மீளாத அழற்சிக்கும், வீக்கம் அந்த இடத்தோட நிக்கிற சீழ்க்கட்டிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம்னுதான் சொல்லுது. காய்ச்சல், உடல்சோர்வுன்னு உடம்பு பூரா பாதிப்பு இருந்தா அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம் மூணு வேளை, 3 முதல் 7 நாள், மூணாவது நாள் மறுபடி பாக்கணும். பெனிசிலின் ஒவ்வாமை கேக்காம எழுதாதீங்க. மருந்தோட சேத்து சீழ வடிக்கணும், மருந்து மட்டும் போதாது.

கடும் சீழ்க்கட்டின்னா அடையாளம் தெளிவா இருக்கும். குளிருக்குப் பதில் கிடையாது, விரல் வச்சாலே துள்ளுவாங்க, பல்லு மேல எழும்பி வந்த மாதிரி முதல்ல அதுதான் கடிபடும். தொடக்கத்துல எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாம இருக்கலாம். வீக்கம் இருந்து குளிருக்கு இயல்பா பதில் சொன்னா ஈறுப்பையில வந்த சீழான்னு ப்ரோப் வச்சுப் பாருங்க.

37 சம்பந்தமா இன்னொன்னு கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். கீழ் இரண்டாம், மூணாம் கடைவாய்ப்பல் வேர்நுனி மைலோஹயாய்ட் தசை (வாயோட அடித்தளத் தசை) ஒட்டியிருக்கிற கோட்டுக்குக் கீழ இருக்கும். அங்க சீழ் உள்பக்கம் உடைஞ்சா வாய்க்குள்ள தெரியாது, நேரா தாடைக்கு அடியில கழுத்துல இறங்கும். வாய் ரெண்டு விரல் அளவுக்குத் திறக்கலைன்னா, எச்சில் முழுங்க முடியலைன்னா, நாக்குக்கு அடியில தரை எழும்பி இறுகிப்போயிருந்தா, குரல் மாறினா, படுத்தா மூச்சு திணறினா உங்க நாற்காலியில உக்கார வைக்காதீங்க. மூச்சுக்குழாயக் காப்பாத்த வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அப்பவே ஆம்புலன்ஸ்ல அனுப்பணும். ஜெர்மன் டாக்டர் லுட்விக் 1836-ல விவரிச்சது இதத்தான், இன்னைக்கும் உயிரைப் பறிக்குது. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இது வேகமாப் பரவும், வீக்கத்தோட வர்ற எல்லாருக்கும் குளுக்கோமீட்டர்ல ஒரு துளி பாத்துடுங்க.

பயிற்சிப்பல் எழுதியது:

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். கிரவுன் போட்ட, ஆனால் வேர் சிகிச்சை செய்யாத பல்லில் குளிர் சோதனை எடுபடுமா?

வேர்நுனி எழுதியது:

பெரும்பாலும் எடுபடும். உலோகக் கிரவுனும் உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதும் குளிரைக் கடத்தும். கொஞ்சம் தாமதமாகப் பதில் வரும், அதனால் பஞ்சைக் கூடுதல் நேரம் வைத்திருங்கள், கிரவுன் போட்ட வேறொரு நல்ல பல்லை ஒப்பீட்டுக்கு எடுங்கள். மின் சோதனை கிரவுன் மேல் செல்லாது. ஈறோரத்தில் பல் கொஞ்சம் வெளியே தெரிந்தால் மெல்லிய முனையை அங்கே, ஈறைத் தொடாமல் வைக்கலாம். எதுவும் பதில் தராமல், சந்தேகம் மட்டும் வலுவாக இருந்தால் கடைசி வழியாக மரப்பு ஊசி போடாமல் கிரவுனில் சிறு துளையிட்டு டென்டின் (எனாமலுக்கு அடியிலுள்ள அடுக்கு) வரை போய்ப் பார்ப்பது உண்டு. கூசினால் அங்கேயே நிறுத்தி அடைத்துவிடுங்கள். இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிய பிறகு செய்யுங்கள்.